மிளகைச் சுமந்தவர்களின் கொச்சி

உல்லாசக் கப்பலில் வந்திறங்கும் பயணிக்குக் கொச்சி ஒரு பகல்பொழுதுதான். காலையில் கப்பல் வில்லிங்டன் தீவை அணையும். வெளியே பேருந்துகளும் வழிகாட்டிகளும் காத்திருப்பார்கள். மாலைக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். எர்ணாகுளத்தில் தங்கிப் படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ ஃபோர்ட் கொச்சிக்கு வருபவர்களுக்கும் வழித்தடம் ஏறக்குறைய அதேதான்: சீன வலைகள், புனித பிரான்சிஸ் தேவாலயம், சாந்தா குரூஸ் பேராலயம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெருவின் ஜெப ஆலயம், நடுவில் ஒரு மசாலாக் கடை.

இந்த வரிசையில் கொச்சியின் வரலாறு கடல்கடந்து வந்தவர்களின் வருகைப் பதிவேடாகிவிடுகிறது. சீனர் வந்தனர், போர்த்துகீசியர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டடம், ஓர் ஆண்டு, ஒரு புகைப்படம். ஆனால் துறைமுகம் இயங்க மூட்டை தூக்குபவர் வேண்டும், வள்ளம் தள்ளுபவர் வேண்டும், எடை போடுபவர், தரகு பேசுபவர், இஞ்சி உலர்த்துபவர், துணி வெளுப்பவர் எல்லோரும் வேண்டும். அவர்களுடைய இடங்களும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன. சுற்றுலாப் பேருந்து அவற்றைக் கடந்து போய்விடுகிறது.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பயணி அப்படிக் கடந்துபோகவில்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான், தன் நூலில் கொச்சி மக்களை ஐந்து பிரிவாக எழுதினார். அரசரின் குலத்தார், முஸ்லிம்கள், செல்வரான செட்டிகள், தரகர்கள், கடைசியாகக் கடற்கரையில் வாழும் முக்குவர். விவசாயி கொண்டுவரும் மிளகைச் செட்டிகள் வாங்கிக் கிடங்கில் சேர்த்துவைத்து, வெளிநாட்டுக் கப்பல் வரும்வரை காத்திருப்பதை அவர் குறித்தார். முக்குவரின் குடிசைகள் சுமார் மூன்றடி உயரத்தைத் தாண்டக் கூடாதென்று இருந்த விதியையும், மீன் பிடிப்பதும் சுமை தூக்குவதுமே அவர்களுக்கு விடப்பட்ட தொழில்கள் என்பதையும் எழுதினார். கொச்சியை ஒரு நாளில் சுற்றிக்காட்டும் எவருக்கும் இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடைக்காது. சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார், யார் தூக்குகிறார், தூக்குபவரின் வீடு எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்திருக்கிறார்.

அவர் பார்த்த துறைமுகம் அப்போது புதிது. மேற்குக் கரையின் பழைய வாசல் கொடுங்கல்லூர். சங்கப் பாடல்கள் பேசும் முசிறி அதை ஒட்டியே இருந்தது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்து, கொச்சியில் கடல்வாயை அகலப்படுத்தியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. வணிகர்கள் தெற்கே நகர்ந்ததற்கு ஒரு கல் சாட்சியும் இருக்கிறது. கொச்சியின் கொச்சங்காடிப் பகுதியில் 1344இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு, இன்று மட்டாஞ்சேரி ஜெப ஆலய வளாகச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே தொங்கும் சரவிளக்குகளைப் பார்க்க விரையும் கூட்டத்தில் அதன் முன் நிற்பவர்கள் சிலரே.

பயணி முதலில் கால் வைக்கும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி நூறாண்டுக்கு முன் காயல் நீராக இருந்தது. கடல்வாயில் கெட்டிப்பட்ட மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு முழுவதும் வள்ளங்களில் ஏறி அலைகளைத் தாண்டிப் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகும். சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920இல், ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இங்கே வந்தார். சென்னை அரசும் கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களும் உடன்பட்டு வேலை தொடர்ந்தது. மணல்திட்டு வெட்டப்பட்டது. தூர்வாரிய மண்ணைக் கொட்டியே தீவு எழுந்தது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தீவில் இறங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால், அன்றைய பகலில் பார்க்கப்போகும் பழைய கிட்டங்கிகள் ஏன் காயலைப் பார்த்து நிற்கின்றன, ஏன் ஓய்ந்து கிடக்கின்றன என்பது தானே விளங்கும்.

ஃபோர்ட் கொச்சியில் முதல் நிறுத்தம் சீன வலைகள். கரையில் நட்ட மரச்சட்டத்தின் முனையில் ஏறக்குறைய இருபது மீட்டர் அகல வலை விரிந்திருக்கும். மறுமுனையில் கயிறுகளில் கட்டிய பாறாங்கற்கள் எடைக்கு எடை நிற்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் வலை நீரிலிருந்து மேலெழும். இது சீனர் தந்தது என்பது எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. சீனக் கரையின் மக்காவ் நகரிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. வலையின் பாகங்கள் சிலவற்றுக்கு மீனவர்களிடம் வழங்கும் பெயர்கள் போர்த்துகீசியச் சாயல் உள்ளவை என்பது அதற்குக் காட்டப்படும் சான்று. யார் தந்தது என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் குறை. வேலியேற்றத்தை நம்பி நடக்கும் இந்த மீன்பிடிப்பில் மீன் வரவு எவ்வளவு குறைந்துவிட்டது, மரக்கழிகளுக்குப் பதில் இரும்புக் குழாய்கள் ஏன் வந்தன, மீனைவிடப் பயணிகள் கயிறிழுத்துப் பார்க்கத் தரும் காசு ஏன் முக்கியமாகிவிட்டது என்பவற்றை அங்கே நிற்கும் மீனவரிடமே கேட்கலாம். அவர் நான்கடி தூரத்தில்தான் நிற்கிறார்.

தேவாலயத்தில் எல்லோரும் தேடுவது வாஸ்கோ ட காமாவின் கல்லறையை. 1524 டிசம்பர் 24 அன்று அவர் கொச்சியில் இறந்தார். இங்கே புதைக்கப்பட்டார். ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எலும்புகள் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. 1503இல் மரத்தில் எழுந்த ஆலயம் பிறகு கற்கட்டடமாயிற்று. 1663இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனதும் கத்தோலிக்க வழிபாடு நின்று சீர்திருத்தச் சபையின் வழிபாடு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் ஆலயமானது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் துணிப் பங்காக்களைப் பயணிகள் ஆவலோடு படமெடுக்கிறார்கள். அவற்றின் கயிறுகள் சுவர்த் துளைகள் வழியே வெளியே போகின்றன. வழிபாடு முடியும்வரை வெளியில் நின்று இழுத்தவர்கள் வேலையாட்கள். உள்ளே பிரபுக்களின் கல்லறைக் கற்களில் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. இழுத்தவர்களுக்கு அந்தத் துளைகள்தாம் சான்று.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் அறிய வேண்டிய ஒன்றை எந்தச் சுற்றுலாத் துண்டறிக்கையும் சொல்வதில்லை. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு, 1579இல், 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சானது கொச்சியில். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்தவர் அவர். ஐரோப்பியர் மிளகு வாங்க வந்த ஊரில், இந்திய மொழி அச்சின் மிகப் பழைய நூல்களில் ஒன்று தமிழில் உருவாயிற்று. மிளகு மூட்டைகளுக்கு ஈடான செய்தி இது.

ஒல்லாந்தர் காலத்தைச் சொல்ல வழிகாட்டிகள் கல்லறைத் தோட்டத்துக்கும் டேவிட் ஹால் என்ற பழைய ஒல்லாந்தர் மாளிகைக்கும் அழைத்துப்போவார்கள். அவற்றைவிட ஒரு புத்தகத்தின் கதை அந்தக் காலத்தை நன்றாகக் காட்டும். கொச்சியின் ஒல்லாந்த ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரேட், மலபாரின் தாவரங்களைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்கள் அதில் உள்ளன. அந்த அறிவு யாருடையது? முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தம் குடும்பத்தின் பரம்பரை ஏட்டறிவை அவர் வாய்மொழியாகச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணிப் பிராமணர் மூவரும் உதவினர். அவர்கள் தந்த சான்றுரைகள் நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. மலையாள எழுத்து அச்சில் தோன்றியதும் அந்தப் பக்கங்களில்தான். லத்தீனில் பூட்டிக் கிடந்த நூலைத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டு உழைப்பில் ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். உள்ளூர் அறிஞர்களின் பெயர்கள் பதிவில் நின்றுவிட்ட அரிய இடம் இது. கொச்சியில் வழிகாட்டி பேசும் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்குத் தகும்.

தேவாலயத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியில் பேருந்து ஒரு பழைய எல்லையைக் கடக்கிறது. யாரும் அறிவிப்பதில்லை. ஃபோர்ட் கொச்சி 1795இல் ஆங்கிலேயர் வசமாகிப் பின்பு மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாக, சென்னை ஆட்சியின் கீழ் இருந்தது. 1956இல் கேரளம் உருவாகும்வரை அப்படித்தான். அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். நடந்து கடக்கும் தூரத்துக்குள் இரண்டு ஆட்சி, இரண்டு சட்டம். ஒரு பக்கம் மைதானமும் பங்களாக்களுமாக விரிந்தும், மறுபக்கம் கடைகளும் கோயில்களும் மசூதிகளும் தோளோடு தோள் உரசியும் இருப்பதற்கு இதுவும் காரணம். மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தக்னி உருது, தமிழ், தெலுங்கு என்று பல மொழிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வணிகமோ போரோ வேலையோ அவர்களை இங்கே கொண்டுவந்தது.

அந்தத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிரிவினரை ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் காணலாம். அங்குள்ள சலவைத்துறையில் வண்ணார் சமூகத்தார் இன்றும் கைகளால் துணி வெளுக்கிறார்கள். ஒல்லாந்தர் தம் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து முன்னோரை அழைத்துவந்தனர் என்பது அவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. நெடுங்காலம் குளங்களில் வெளுத்தவர்களுக்கு 1970களில் அரசு தனித்தனித் தொட்டிகளும் கூடமும் கட்டிக்கொடுத்தது. நிர்வாகம் அவர்களுடைய சங்கத்திடம். அரிசிக் கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே முனையைச் செருகித் துணியைக் காயவைக்கிறார்கள், பிடிப்பான் தேவையில்லை. சிரட்டைக்கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டிகளும் வேலையில் உள்ளன. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். சுற்றுலாக்காரர்கள் சிலர் இங்கேயும் வருகிறார்கள். பெரும்பாலும் வெண்மையான வேட்டி விரிப்புகளைப் படமெடுக்க. கோட்டை கட்டியவனின் வரலாறு சொல்லப்படும் அதே மரியாதையோடு, அந்தக் கோட்டையின் அழுக்கை வெளுத்தவர்களின் வரலாறும் சொல்லப்பட வேண்டும். அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், பேசவும் செய்கிறார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒல்லாந்தர் அரண்மனை என்று அழைத்தாலும், 1555 வாக்கில் அதைக் கட்டி அரசருக்குத் தந்தவர்கள் போர்த்துகீசியர். ஒல்லாந்தர் பின்னாளில் புதுப்பித்தனர். பள்ளியறைச் சுவர்களில் இராமாயணச் சுவரோவியங்கள் நிறைந்திருக்கின்றன. கூட்டம் நெருக்கினாலும் அங்கே நின்று பார்க்கத்தான் வேண்டும்.

யூதர் தெருவில் வழிகாட்டிகள் 1568 என்ற ஆண்டையும், சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளைத் தரையோடுகளையும் சொல்வார்கள். 'பரதேசி ஜெப ஆலயம்' என்ற பெயரிலேயே உள்ள பரதேசிகள், பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஆனால் கொச்சி யூதரில் பெருந்தொகையினர் அவர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த மலபாரி யூதர்கள். அவர்களுக்குத் தனித் தொழுகைக்கூடங்கள் இருந்தன. பரதேசிகளின் கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கு மற்றவர்களோடு சமமாக உட்கார உரிமை இல்லை. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து அந்த ஒதுக்கலை எதிர்த்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள். பயணிகள் பழம்பொருள் பேரம் பேசியபடி நடக்கும் தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே தெருவின் மறுகோடியில் மலபாரி யூதர்களின் கடவும்பாகம் தொழுகைக்கூடம். 1950களில் சமூகம் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனபின் கட்டடம் கைமாறிக் கிடங்காயிற்று. உட்புற மரவேலைப்பாடு ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டு உலகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கொச்சியில் எஞ்சிய கட்டடத்தின் முன்சுவர் 2019இல் இடிந்து விழுந்தது. ஒரு கோடியில் நுழைவுச்சீட்டுக்கு வரிசை, மறுகோடியில் இடிபாடு. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான்.

மிளகுச் சந்தை இருந்ததும் இந்தத் தெருவிலேயே. 1957இல் தொடங்கிய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் உரக்கக் கூவி முன்பேர வணிகம் நடத்தினார்கள். மலைநாட்டு விவசாயிக்குக் கிடைக்கும் விலையை அந்தக் கூச்சல் தீர்மானித்தது. கணினித் திரைகள் வந்தபின் கூச்சல் அடங்கியது. உலக மிளகு உற்பத்தியில் வியட்நாம் முதலிடத்துக்குப் போனபின் கொச்சியின் குரலும் தணிந்தது. பஜார் ரோட்டில் இன்னும் சில கிட்டங்கிகளில் பெண்கள் தரையில் அமர்ந்து இஞ்சியும் சுக்கும் தரம் பிரிக்கிறார்கள். முற்றத்தில் சுண்ணாம்பு பூசிய இஞ்சி வெயிலில் காய்கிறது. அந்த முற்றங்கள் இப்போது திரைப்படங்களிலும் பயணப் படங்களிலும் வருகின்றன. தரம் பிரிப்பவர்களின் நாட்கூலியைப் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இனி, எந்தப் பொதுச் சுற்றுலாவிலும் இடம்பெறாத அத்தியாயம். ஆழ்துறைமுகம் வந்தபின் கப்பல்கள் பெருகின. வேலை தேடி வந்தவர்கள் அதைவிடப் பெருகினார்கள். கப்பலில் சரக்கேற்றும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள், காலையில் திரண்டு நிற்கும் தொழிலாளர் கூட்டத்துக்குள் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை வீசுவார்கள். வில்லை கையில் சிக்கியவனுக்கு அன்று வேலை. சிக்காதவன் வீட்டில் அடுப்பெரியாது. பசித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அதற்காக அடித்துக்கொண்டார்கள். முறையான பதிவின் மூலம் வேலை தர வழிசெய்யும் துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. கொச்சிக் கரையில் அதன் பயன் கிட்டவில்லை. சாப்பாவை ஒழிக்கக் கோரிய போராட்டத்தின் நடுவே, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்கள் அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தார்கள். கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' திரைப்படம் 2023இல் வெளிவந்தது. வாஸ்கோ ட காமா பதினான்கு ஆண்டுகள்போல மட்டுமே கிடந்த குழியைப் பார்க்க வரிசை நிற்கும் ஊரில், இந்த மூவருக்காகப் பேருந்து ஒரு முறை நிற்கலாம்.

மட்டாஞ்சேரி மாங்காட்டுமுக்கில் மற்றொரு வழிபாட்டிடம் உண்டு. சிலை இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் மீனும் படைப்பார்கள். காப்பிரி முத்தப்பன் இருக்கும் இடம் அது. போர்த்துகீசியர் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிக்க நெருங்கியபோது, போர்த்துகீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, காவலுக்கு ஆவியாய் நிற்கட்டும் என்று அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது ஊரார் நம்பும் கதை. கதை எப்படியாயினும் அடிமை வணிகம் கதையன்று. பின்னால் வந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கொச்சியிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கித் தென்னாப்பிரிக்காவின் கேப் வரை கப்பலேற்றியது. மதம் பார்க்காமல் வந்து விளக்கேற்றும் மட்டாஞ்சேரிக்காரர்கள் அந்த மனிதர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் கையில் ஒரு பகல் மட்டுமே. ஜெப ஆலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை, அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கப்பல் காத்திருக்காது, நல்ல உச்சிவெயிலில் முதியவர்களை வெகுதூரம் நடத்தவும் முடியாது. ஆனால் ஒரு சிறு மாற்றத்துக்கு எந்த இடத்தையும் கைவிட வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பேருந்தில் திரும்பாமல், நடக்கக்கூடியவர்களைப் பஜார் ரோடு வழியாக அழைத்துவந்தால் போதும். ஒருபுறம் கிட்டங்கிகள், அவற்றின் பின்வாசலில் காயல், அரிசியும் பருப்பும் இறக்கும் லாரிகள், நடுவே காப்பிக்கடைகளாகவும் ஓவியக்கூடங்களாகவும் மாறிவரும் பழைய கட்டடங்கள். தெரு முடிந்து ஃபோர்ட் கொச்சியில் சேரும் பக்கத்தில், 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் வளாகம். 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்ற கலைவிழாவின் முதன்மைக் களமாக அது இருந்தது; உலகக் கலைஞர்கள் அங்கே வந்துபோனார்கள். அதன் படகுத்துறையிலிருந்து பார்த்தால், எதிரே வல்லார்பாடத்தில் 2011இல் தொடங்கிய சரக்குப்பெட்டக முனையத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். வில்லை வீசப்பட்ட கூட்டத்தில் நூறு பேர் அடித்துக்கொண்டு செய்த வேலையை இன்று அவை செய்கின்றன; அவற்றை இயக்குபவர் யார், பெட்டியைப் பூட்டி ஏற்றும் லாரி ஓட்டுநரின் வேலைநேரம் எவ்வளவு என்று சுற்றுலாவின் கடைசி அரை மணியில் பேசலாம்.